நான் தொலைக்காத சங்கிலி

அப்பா இருந்தார். அம்மா இருந்தார். சித்தப்பா இருந்தார். சின்னம்மா இருந்தார். சின்னம்மாவின் மடியில் நாலு மாதக் குழந்தை இருந்தது. பத்து வயதில் நான் இருந்தேன். பிறகு இரண்டு போத்தல் சாராயம். ஓட்டோக்காரர் எங்களை நிலாவெளிக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை. போத்தல்களை ஆட்களோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட அவற்றுக்குத்தான் மரியாதை.

இவ்வளவு பேரும்தான். வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்ல வேண்டும். ஏனென்றால் இப்போது இந்தக் கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அன்று பிறந்தேயிராத பிள்ளைகளும் சொல்கிறார்கள். அக்கா கவடு வைச்ச கதை என்று அதற்குப் பெயர். கவடு என்றால் காலடி. நாலு பேர் கூடினால் யாராவது தொடங்குவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேனா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சிரிப்பதில்லை. நடந்தது அப்படி இல்லை.

எங்கள் வீடு துறைமுகத்துக்குக் கிட்ட. அப்பாவுக்குக் கப்பலில் மூட்டை இறக்குகிற வேலை. சித்தப்பாவுக்குக் கயிறு கட்டுகிற வேலை. கப்பல் துறைக்கு வந்தால் அதிலிருந்து எறிகிற கயிற்றைப் பிடித்து இரும்புக் குற்றியில் மாட்டுவார். தான் கட்டிய கப்பல் ஒரு முழம்கூட அசைந்தது கிடையாது என்பார். அதைத் தினமும் ஒரு தரமாவது சொல்லுவார்.

எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறுகிற முகப்பில் ஒரு பார் இருந்தது. இரும்பு வலை அடித்த யன்னல். அதற்குள்ளால் ஒரு கை மட்டும் போத்தலோடு வெளியே வரும். உள்ளே உட்கார நாலு வாங்கு போட்டிருக்கும். பொழுதுபடுகிற நேரம் அம்மா என்னை அனுப்புவார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று. படி தாண்டக் கூடாது என்பது கட்டளை. நான் படியில் நின்று "அப்பா" என்று கூப்பிடுவேன். உள்ளே இருந்து ஐந்தாறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என்னுடையவர் மட்டும் பார்க்க மாட்டார்.

புத்தர் பிறந்த நாளான வெசாக் வந்தால் பார் இரண்டு நாள் பூட்டு. நாடு முழுக்கப் பூட்டு. ஆகவே அதற்கு முதல் நாள் பின்னேரம் பாருக்கு முன்னால் வரிசை நிற்கும். நிவாரண அரிசிக்கு நின்ற வரிசைகளை நான் பார்த்திருக்கிறேன். இது அவற்றைவிட நீளம். ஆனால் இதில் தள்ளுமுள்ளு இல்லை. எல்லோரும் மரியாதையாக நின்றார்கள். எனக்குச் செருப்பு வாங்கித் தருவதாகக் கூட்டிக்கொண்டு போன அப்பா, என்னையும் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றார்.

"என்ன, விருந்தாள் வருகினமோ?" என்று முன்னால் நின்றவர் அப்பாவைக் கேட்டார்.

"ஓம், கொழும்பிலயிருந்து."

"எங்களுக்கும் கொழும்பிலயிருந்துதான்."

பின்னால் நின்ற ஒருவர் வரிசையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப ரயிலில ஒருத்தருக்கும் இடம் கிடைச்சிராது."

எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. செருப்புக் கடை பூட்டியாகிவிட்டது. இரண்டு போத்தல்களையும் நான்தான் பிஸ்கட் பையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் நிலாவெளிக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. எனக்கு நிலாவெளி பெரிய விஷயம் இல்லை. கடல் எங்கள் ஒழுங்கை முடிவிலும் இருக்கிறது. எனக்கு வேண்டியது புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து பார்த்தால் அது தெரியும். படகில் போக வேண்டும். சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் போக ஏலாது. பிறகு விட்டார்கள். என்னோடு படித்த ஒருத்தி போய் வந்திருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் மஞ்சள் மீனும் நீல மீனும் காலைச் சுற்றி வரும் என்று சொன்னாள். கல்லுக்குள் பூப் பூத்தமாதிரி இருக்கும் என்றாள். ஒரு பள்ளித் தவணை முழுக்க அதையே சொன்னாள். கணக்குக்கு அறுபது எடுத்தால் கூட்டிக்கொண்டு போவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். நான் அறுபத்தெட்டு எடுத்தேன். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு எடுத்த பிள்ளைக்கு இருபது வரை எண்ணத் தெரியாது என்றுதான் இவர்கள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

போகிற வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் மறித்துப் பார்த்தார்கள். போத்தல்கள் குழந்தையின் துணிப் பையில், ஈரத்துணிக்குக் கீழே கிடந்தன. பையைத் திறந்த ஆள் மூக்கைச் சுளித்துக்கொண்டு மூடிவிட்டார். சித்தப்பா சின்னம்மாவைப் பார்த்து, "பாத்தீரே, என்ர மகன் இப்பவே உழைக்கத் தொடங்கிட்டான்" என்றார். சின்னம்மா நிலாவெளி போய்ச் சேரும் மட்டும் அவரோடு கதைக்கவில்லை.

கரை முழுக்கச் சனம். தெற்கிலிருந்து வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. பொலிஸ்காரர் இரண்டு பேர் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்கள். வெசாக் நாளில் போத்தலோடு பிடித்தால் விட மாட்டார்கள். தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் அம்மா பாய் விரித்தார். அப்பாவும் சித்தப்பாவும் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தார்கள். என்னையும் வா என்றார்கள்.

அங்கே ஒரு வள்ளம் மணலில் ஏற்றி விடப்பட்டிருந்தது. கரைவலை வள்ளம். நீல நிறம்.

"அண்ணை, மரத்தடியில வைச்சா காணுவினம்" என்றார் சித்தப்பா. "மணலுக்க தாட்டு விடுவம். கொஞ்சம் கிண்டினா ஈரமண். ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கும்."

"பிறகு எப்பிடி எடுக்கிறது? எல்லாம் ஒரே மணல்."

"இந்த வள்ளம் நிக்குதெல்லே. வள்ளத்து மூக்கில இருந்து கடலுக்கு முதுகு காட்டி, நேர மேல இருபது கவடு."

"வள்ளத்தை எடுத்தா?"

"இண்டைக்கு வெசாக், அண்ணை. ஆர் கடலுக்குப் போறது? துறைமுகமே படுத்துக் கிடக்கு."

அந்த வள்ளத்தின் மூக்கில் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு சிலுவை வரைந்திருந்தது. நான் பார்த்தேன். வேதக்காரருக்கு வெசாக் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் சிறுபிள்ளை. கப்பலோடு பிழைக்கிற ஆளுக்கும் தோன்றவில்லை. அவர் சிறுபிள்ளை இல்லை.

கவடு வைக்கிற வேலையை என்னிடம் தந்தார்கள். பெரிய ஆள் ஒருவர் மணலில் எண்ணி எண்ணி நடந்தால் பொலிஸுக்குச் சந்தேகம் வரும், பிள்ளை நடந்தால் விளையாட்டு என்று சித்தப்பா சொன்னார். நான் வள்ளத்து மூக்கில் முதுகை ஒட்டி நின்று, நேரே நடந்தேன். ஒவ்வொரு கவடையும் வாய்விட்டு எண்ணினேன். இருபதாவது கவடில் நின்றேன். சித்தப்பா அதில் துவாயை விரித்துப் படுத்து, படுத்தபடியே கையால் கிண்டி, போத்தல்களை இறக்கி மூடினார். அவ்வளவு சுத்தமான வேலை. எழும்பித் துவாயை உதறினார். பிறகு சனம் அதற்கு மேலால் நடக்கத் தொடங்கியது.

"மத்தியானம் சாப்பிட்டிட்டு ஒரு சொட்டுப் போடுவம். பிறகு தீவு" என்றார் அப்பா. கடைசிப் படகு மூன்று மணிக்கு என்று பலகையில் எழுதியிருந்தது. நான் அதை மூன்று தரம் போய் வாசித்தேன்.

அப்பாவும் சித்தப்பாவும் பிறகு ஹோட்டல் பக்கம் நடந்தார்கள். ஹோட்டல் பாரில் ஒளித்து விற்பார்களோ என்று பார்ப்பதற்கு. மண்ணுக்குள் இரண்டு போத்தல் இருக்கிறது. போதாதாம்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் வள்ளத்துக்காரர் வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். வலையை ஏற்றினார்கள். ஏலேலோ போட்டுத் தள்ளினார்கள். வள்ளம் தண்ணீரில் இறங்கியது. கயிற்றின் ஒரு நுனி கரையில் இருந்தவர்களிடம் நின்றது.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, வள்ளம் போகுது."

அம்மா சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சித்தப்பா தேடுவார்" என்றேன்.

"போகட்டும்" என்றார்.

கரைவலையில் வள்ளம் போன இடத்துக்குத் திரும்பி வராது. வலையை இறக்கிக்கொண்டு கடலில் ஒரு வளைவு வளைந்து, தள்ளிப்போய்க் கரை ஏறும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். அன்றைக்கு அது நூறு யார் தூரம் தள்ளி ஏறியது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. நானும் அம்மாவும் அந்தக் கயிற்றை இழுத்தோம். ஆள் பற்றாமல் இருந்தது, வாங்கோ அக்கா என்று ஒருவர் கூப்பிட்டார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குப் பின்னால் நின்று இழுத்தார். எல்லோரும் ஒன்றாகச் சாயும்போது அம்மாவும் சாய்ந்தார். ஒரு தரம் நாங்கள் இருவரும் மணலில் விழுந்தோம். அம்மா விழுந்து கிடந்தபடி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. வலை ஏற இரண்டு மணித்தியாலம் பிடித்தது. எங்களுக்கு ஒரு பை சூடை மீன் தந்தார்கள். மீனைப் பங்கிட்டுக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். வள்ளம் புதிய இடத்தில் நின்றது. சின்னம்மா குழந்தையோடு நித்திரை. அவர் ஒன்றும் காணவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மணிக்கு வந்தார்கள். ஹோட்டல் பாரை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டியிருக்கிறார்கள், செத்த வீடு மாதிரி என்றார் சித்தப்பா. கையில் இறால் வடை வைத்திருந்தார்கள். போத்தலுக்குத் தொட்டுக்கொள்ள. சாப்பிட்டு முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு வள்ளத்துக்குப் போனார்கள்.

"இவ்வளவு தூரமே வந்தனாங்கள்?" என்றார் அப்பா.

"வெயிலுக்க அப்பிடித்தான் தெரியும்."

"அப்பா, வள்ளம் இதில நிக்கேல்லை. அங்கால நிண்டது. அவை கடலுக்குக் கொண்டு போனவை" என்றேன்.

"இண்டைக்கு ஆரடி கடலுக்குப் போறது? நட."

நான் நடந்தேன். இருபது கவடு. அந்த இடத்தில் சித்தப்பா துவாயை விரித்துப் படுத்துக் கிண்டினார். ஈரமண் வந்தது. தண்ணீர் வந்தது. போத்தல் வரவில்லை. திரும்ப நட என்றார்கள். நடந்தேன். பெரிய கவடாக வை என்றார்கள். வைத்தேன். சின்னக் கவடாக வை என்றார்கள். அதையும் வைத்தேன். ஒவ்வொரு தரமும் சொன்னேன், வள்ளம் இதில் நிற்கவில்லை என்று. அப்பாவின் முகம் மாறத் தொடங்கியது.

"அம்மாவைக் கேளுங்கோ. அம்மா பாத்தவ. நாங்கள் ரெண்டு பேரும்தான் வலை இழுத்தனாங்கள்."

அப்பா மரத்தடிக்குப் போனார். நான் முன்னால் ஓடினேன். எனக்குச் சந்தோஷம். அம்மா சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. பழைய இடத்தைக் காட்டி விடுவோம். போத்தல் வரும். சொட்டுப் போடுவார்கள். பிறகு தீவு.

"இஞ்சரும், வள்ளம் காலமை எதில நிண்டது?" என்று அப்பா கேட்டார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார்.

"உதிலதான் நிண்டது."

"அசைச்சவையோ?"

"இல்லை. நான் காலமை தொடக்கம் இதிலதானே இருக்கிறன். ஒருத்தரும் தொடேல்லை. பிள்ளைதான் கவடைப் பிழையா வைச்சிருக்கும்."

அம்மாவின் உள்ளங்கை இரண்டும் கயிறு இழுத்துச் சிவந்திருந்தன. அவற்றைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

"அம்மா, மீன்" என்றேன். "அப்பா, மீனைப் பாருங்கோ. அவைதான் தந்தவை."

"அது காசுக்கு வாங்கினது" என்றார் அம்மா.

நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. யாரும் என்னை நம்பாவிட்டால் பரவாயில்லை. பார்த்தவரே பார்க்கவில்லை என்றால் பத்து வயதுப் பிள்ளை எங்கே போய்ச் சொல்வது?

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வள்ளத்துக்குப் போனார். "போத்தல் வந்தாத்தான் தீவு" என்றார். "எண்ணி வைச்சது நீ. எடுத்துத் தாறதும் நீ."

அதற்குப் பிறகு ஒளிப்பு மறைப்பு இல்லை. இருவரும் முழங்காலில் நின்று கிண்டினார்கள். ஒரு வட்டம், அதற்கு வெளியே இன்னொரு வட்டம். சனம் பார்க்கத் தொடங்கியது. பஸ்ஸில் வந்தவர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கடைசியில் பொலிஸ்காரரில் ஒருவர் வந்தார்.

"என்ன தேடுறது?" என்று அவர் தமிழில் கேட்டார்.

அப்பாவுக்கு வாய் வரவில்லை. சித்தப்பாவுக்கு வந்தது. "சங்கிலி, சேர். பிள்ளைட சங்கிலி. விளையாடேக்க விழுத்திட்டுது."

எனக்குச் சங்கிலி இருந்ததே இல்லை. அன்றைக்குக் கழுத்தில் ஒரு கறுப்பு நூல்கூட இல்லை. பொலிஸ்காரர் என் கழுத்தைப் பார்த்தார்.

"எத்தினை பவுன்?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"ரெண்டு, சேர்" என்றார் சித்தப்பா. கால் பவுன் என்று சொல்லியிருக்கலாம். பெருமைக்கு அங்கேயும் குறைவில்லை.

இரண்டு பவுன் என்றதும் கரையே வந்துவிட்டது. பஸ்ஸில் வந்தவர்கள் வந்தார்கள். கச்சான் கடலை விற்றவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு வாளிகளோடு வந்தார்கள். தமிழில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "பாக்கப் பாவம் மாதிரி நிக்குது, தாய் தேப்பன் என்ன பாடுபட்டுச் செய்திருக்குங்கள்" என்றார். இன்னொருவர், "இந்த வயசில ரெண்டு பவுன் போட்டுவிட்டதுகளைச் சொல்லோணும்" என்றார். பொலிஸ்காரர் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டு, தானும் கிண்டத் தொடங்கினார். நல்ல மனுஷன். அன்றைக்கு அந்தக் கரையில் பொய் சொல்லாத பெரிய ஆள் அவர் ஒருவர்தான்.

தேட வந்தவர்கள் எல்லோரும் கிடைக்க வேண்டும் என்று தேடினார்கள். தேட வைத்த இருவரும் கிடைக்கக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு தேடினார்கள். பொலிஸ்காரர் கை எங்கே போகிறதோ அங்கே சித்தப்பாவின் கண் போனது. அவர் ஒரு இடத்தில் ஆழமாக இறங்கினால், "அங்க இல்லை சேர், இஞ்சால" என்று கூப்பிட்டார். எனக்கு மட்டும்தான் தெரியும், அங்கேயும் இல்லை இஞ்சாலும் இல்லை என்று. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து பார்த்தாகிவிட்டது.

இரண்டரைக்குப் பொலிஸ்காரர் எழும்பி மணலைத் தட்டினார். "வாங்க, ஸ்டேஷனில என்ட்ரி போடுவம். ஆராவது எடுத்தா குடுக்க ஏலும்" என்றார்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார்.

"பரவாயில்லை, சேர்" என்றார் சித்தப்பா. "கவரிங்."

பொலிஸ்காரர் குனிந்து சப்பாத்தை மாட்டினார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் சிரித்தார்கள். கச்சான்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு, "இதுக்கே என்ர யாவாரத்தையும் விட்டிட்டு வந்தனான்" என்று போனார். கரை கோழி கிளறிய மாதிரிக் கிடந்தது.

மூன்று மணிக்குக் கடைசிப் படகு போனது. நான் நின்று பார்த்தேன். செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி போட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஒருவன் எனக்குக் கை காட்டினான். யாரென்று தெரியாது. நான் காட்டவில்லை.

"எல்லாம் உன்னால" என்று அப்பா என் தலையில் ஒரு குட்டுக் குட்டினார். அம்மா பக்கத்தில்தான் நின்றார். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தோம். பார் பூட்டிக் கிடந்தது. அடுத்த நாளும் பூட்டு. அப்பா சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே படுத்தார். அம்மா சூடை மீனைப் பொரித்தார். நான் தொடவில்லை. பொய்க்குக் கிடைத்த மீன் என்று நினைத்தேன்.

இதுதான் நடந்தது. இப்போது அவர்கள் சொல்கிறதைச் சொல்கிறேன். அதில் வள்ளம் இடம் மாறவில்லை. அதில் நான் எண்ணத் தெரியாமல் போத்தலைத் தொலைத்த பிள்ளை. சங்கிலியும் வரும், பொலிஸ்காரரும் வருவார், கவரிங் வரும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். சித்தப்பாவின் பிழை அதில் கிடையாது. கதையை அதிகம் சொல்கிறவர் அப்பாதான். என் கலியாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னார். "தம்பி, வீட்டுக் கணக்கை மட்டும் இவளிட்டக் குடுத்திடாதேங்கோ" என்றார். என் மனுஷனும் சிரித்தார். மாலை போட்டபடி நான் இருந்தேன். என்ன செய்வது?

அப்பா இப்போது குடிப்பதில்லை. ஈரலைக் காட்டி டொக்டர் சொன்னதும் விட்டார். ஆறு வருஷமாகிறது. இப்போது கோயில் காரியங்களுக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். உங்கட அப்பாவைப் போல ஒரு தங்கமான மனுஷன் கிடையாது என்று எங்கள் ஒழுங்கையில் சொல்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

அம்மாவிடம் நான் மூன்று தரம் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் ஒரு தரம். "மறந்து போச்சு, பிள்ளை" என்றார். கலியாணப் பந்தி முடிந்த அன்று ஒரு தரம். "நீ இன்னும் உதைப் பிடிச்சுக்கொண்டே நிக்கிறாய்" என்றார். மகள் பிறந்த பிறகு ஒரு தரம். அப்போது குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கடலில் போகப் பயம். அந்தப் பயத்துக்காக என் தீவைக் கெடுத்தார். தன் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் மகளை அவரிடம் தனியே விட்டுவிட்டு நான் எங்கேயும் போனதில்லை. கேட்டால் ஏதாவது சாட்டுச் சொல்வேன். உண்மையான காரணம் இதுதான். ஒரு வெள்ளைக் கரையில் நின்று கண் முன்னால் பொய் சொன்ன ஆள் இன்னொரு தரமும் சொல்வார்.

போன வருஷம் அம்மா பஸ்ஸால் இறங்கும்போது தடக்கி விழுந்து வலக்கை முறிந்தது. ஒரு மாதம் என் வீட்டில் இருந்தார். அப்பாவும் வந்து நின்றார். அம்மாவுக்குக் கையைத் தூக்க ஏலாது. ஆகவே நான்தான் தலை முழுக வார்த்தேன். முதல் நாள் கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தி, கொண்டையை அவிழ்த்தேன். பிள்ளைக் காலம் தொடக்கம் அம்மாவின் கொண்டையை நான் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் தாழ்த்தி, காதை மூடிக் கட்டுவார். அது அவருடைய முறை என்று நினைத்திருந்தேன்.

சிகைக்காய் தேய்க்கும்போது விரலில் தட்டுப்பட்டது. இடது காதுக்குப் பின்னால், மேல் நோக்கி, மயிர் முளைக்காத ஒரு கோடு. நீளம்.

"இதென்னம்மா?"

"போத்தல்" என்றார்.

"எந்தப் போத்தல்?"

"நிலாவெளிக்குப் போனமெல்லே. அதுக்கு முந்தின வெசாக். நீ அண்டைக்குச் சின்னம்மா வீட்டில படுத்தனீ."

நான் கையை எடுத்துவிட்டேன். முன் அறையில் அப்பா என் மகளுக்கு ஏதோ சொல்லிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

"அந்த முறையும் ரெண்டுதான்" என்றார் அம்மா. "முதலாவது முடியும் மட்டும் ஒரு கரைச்சலும் இல்லை."

அவர் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அரிசி விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். கோபம் முழுக்க என்னிடம்தான் இருந்தது. இத்தனை வருஷமும் இருந்தது. யார் மேல் வைப்பது என்பதைத்தான் பிழைவிட்டிருந்தேன்.

"அதை அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"பத்து வயசுப் பிள்ளைக்கோ?" என்றார். பிறகு, "உனக்கு ஒரு குட்டோட போகும் எண்டு தெரியும்" என்றார்.

குழாய்க்குக் கீழே வாளி நிறைந்து வழிந்தது.

"ஊத்து, குளிருது" என்றார்.

நான் ஊற்றவில்லை. ஈர மயிரை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்தேன். கோட்டின் குறுக்கே தையல் போட்ட அடையாளங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. ஒரு தரம் கண்ணால் எண்ணினேன். பிறகு ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன்.

பதினொன்று.